திட்டு வாங்கும் நடுவர்

வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்துத் தீர்ப்புகளை இயந்திரம் சொல்ல ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. இயந்திரத்தைத் திட்டி யாருக்கும் மனம் ஆறவில்லை. அதனால் கால்பந்துக் கழகம் எபனேசரை வேலைக்கு வைத்தது. கறுப்புச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வாசலில் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்து போகிறவர்கள் வரிசையில் வந்து ஆளுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும்.

அன்று பெண்கள் இறுதியாட்டம். கடைசி நிமிடத்தில் எபனேசரின் மகள் ஜெனிட்டா போட்ட கோலை, ஷூ நுனி எதிரணியின் கடைசித் தடுப்பாளரைவிட அரை விரற்கடை முன்னால் இருந்ததாக, ஆஃப்சைடு என்று இயந்திரம் ரத்து செய்தது. வாசலில் நின்றபடியே எபனேசர் அதை ஒலிபெருக்கியில் கேட்டார்.

முதல் ஆளாக வந்தார் கோழிக்கடை தயாளன்.

"யோவ், கண்ணு இருக்கா உனக்கு? ஷூ நுனி கணக்கில்லன்னு போன வாரம் சொன்ன. இன்னிக்கு மட்டும் எப்டிய்யா வந்துச்சு? அந்தப் பொண்ணு அழுதுச்சே, பாத்தியா?"

எபனேசர் வழக்கம்போல் தலைகுனிந்து நின்றார். கண் மட்டும் மைதானத்துப் பக்கம் போனது.

தயாளன் குரலைத் தணித்தார். "ஜெனிட்டா உன் பொண்ணுல்ல?"

எபனேசர் தலையாட்டினார்.

தயாளன் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாசலில் எபனேசர் நின்ற இடத்தில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டார்.

"ம், ஆரம்பிண்ணே."

பின்னால் வரிசை காத்திருந்தது. எபனேசர் ஓரடி முன்னால் வந்தார்.

"யோவ்," என்றார் மெதுவாக. "கண்ணு இருக்கா உனக்கு?"