7919-ஐ வகுக்க வந்தவர்கள்

எண்களின் ஊரில் யாராவது புதிதாகக் குடிவந்தால், இரண்டில் தொடங்கிச் சின்ன எண்கள் ஒவ்வொன்றாக வந்து வகுத்துப் பார்ப்பது வழக்கம். மிச்சமில்லாமல் வகுத்துவிட்டால், வந்தவர் அந்த எண்ணின் ஆளாகிவிட வேண்டும்.

அன்று 7919 வந்து நின்றது. பக்கத்து வீட்டு 7920 சிரித்தது.

“என்னை ஐம்பத்தெட்டு பேர் வகுத்துவிட்டார்கள். நீ என்னைவிட ஒன்றுதானே குறைச்சல்? நீ மட்டும் தப்பிவிடுவாயாக்கும்!”

இரண்டு வகுத்தது, ஒன்று மிஞ்சியது. மூன்றுக்கு இரண்டு மிஞ்சியது. ஐந்துக்கு நான்கு. உச்சி வெயிலில் எண்பத்தெட்டு வந்து மூச்சு வாங்க வகுத்தது. எண்பத்தேழு மிஞ்சியது. இன்னும் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அடுத்தது எண்பத்தொன்பதின் முறை. அது 7919-ஐ ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தன் பின்னால் நின்ற பெரிய எண்களிடம் திரும்பியது.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா. என்னை என்னாலேயே பெருக்கினால் இவரைத் தாண்டிவிடும். அதனால் நம்மில் யார் இவரை வகுத்தாலும், ஜோடியாக என்னைவிடச் சின்னவன் ஒருவனும் வகுத்தாக வேண்டும். சின்னவர்கள் அத்தனை பேரும் தோற்றாயிற்று. இவர் யாருக்கும் ஆளில்லை.”

எல்லா எண்களும் 7919-ஐக் கும்பிட்டுவிட்டுக் கலைந்தன.

7920 வெகுநேரம் வாசலிலேயே நின்றது.

“எனக்கு ஒன்றே ஒன்று குறைந்திருக்கக் கூடாதா!” என்றது.