ரெண்டு ஆள் சுமை

"டீச்சர், மனசு கேக்காமத்தான் சொல்றேன். இது உங்களுக்கு வேணாம்."

ஹட்டனில் கேமரா கடை வைத்திருக்கும் இல்ஹாம், தான் விற்க வைத்திருந்த பொருளையே வேண்டாம் என்றார்.

எதிரே ரெண்டு மவுண்ட். டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு, நட்சத்திரம் நகர நகர கூடவே மெதுவாகத் திரும்புகிற சாமான். அப்படித் திரும்பாவிட்டால் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும். ஜீவராணி டீச்சர் இதுவரை எடுத்த படமெல்லாம் அப்படித்தான்.

ஒன்று சின்னது. தோள் பைக்குள் அடங்கிவிடும். மற்றது இரும்பு முக்காலியும் எடைக்கட்டிகளுமாகக் கடையில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது.

"உங்க டெலஸ்கோப்புக்குச் சின்னதே தாராளம். படமும் ஒரே மாதிரிதான் வரும். பெருச ரெண்டு பேரு சேந்துதான் தூக்கணும். கொண்டுபோனா நான் திருப்பி எடுக்கவும் மாட்டேன்."

"பரவாயில்ல தம்பி. பெருசையே கட்டுங்க."

கூட வந்த சர்மிளா டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ஒனக்கென்ன கிறுக்கா? ஆசப்பட்டு வாங்குற ஒரே சாமான். இதத் தூக்க முடியாம மூலையில போட்டுட்டு, அப்புறம் வானத்தையே பாக்காம இருக்கப் போறியா?"

ஜீவராணி சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

நோர்வூட் வரும்வரை த்ரீவீலரில் சர்மிளாவின் வாய் ஓயவில்லை.

"பெருசா இருந்தாத்தானே நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. நீ படம் புடிக்க வாங்கினியா, படம் காட்ட வாங்கினியா?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை. ஜீவராணி தனி ஆள். அம்மா போன பிறகு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பேச்சுத் துணைக்குக்கூட யாரும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். அதனால்தான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

லயத்து வாசலில் சாமானை இறக்கி வைத்துவிட்டு த்ரீவீலர் போய்விட்டது. வானம் நன்றாகத் தெரிவது மேட்டுக் கிரவுண்டில்தான். அதுவரை தூக்க வேண்டும். சர்மிளா முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள்.

"நீ விடு. ஆள் இருக்கு."

"எந்த ஆளு?"

ஜீவராணி பக்கத்துக் காம்பராவைக் காட்டினாள்.

"வீரம்மாக்காவா? அவங்க வெளிய வந்தே எத்தன மாசமாச்சு!"

உண்மைதான். புருஷன் செத்ததிலிருந்து வீரம்மா கதவைச் சாத்திக்கொண்டவர். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். டிவி பார்க்கக் கூப்பிட்டால் தலைவலி. கோயிலுக்குக் கூப்பிட்டால் இன்னும் வருசம் திரும்பவில்லை. லயமே கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது.

ஜீவராணி அந்தக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு கை புடிக்கணும். மேட்டுக்குத் தூக்கணும்."

லயத்தில் இது வேறு மாதிரியான அழைப்பு. நோயாளியைக் கம்பளியில் கட்டி ரோட்டுக்குத் தூக்கும்போதும், காற்றில் பறந்த கூரைத் தகரத்தை ஏற்றும்போதும், கை கேட்டால் யாரும் சாக்குச் சொல்வதில்லை. துக்க வீடும் சொல்லாது.

கதவு திறந்தது. வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். வெளிச்சத்துக்குக் கண் கூசியது.

"என்னா டீச்சர் இம்புட்டு கனமா இருக்கு? தனியா இருக்கிற புள்ள இதயா வாங்கும்?"

"தெரியாம வாங்கிட்டேங்க்கா. நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

தூக்கினார்கள். நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாக ஏறினார்கள். "பாத்து டீச்சர், கால்ல போட்டுக்காதீங்க," என்று வழியெல்லாம் வீரம்மாவின் அதட்டல்தான். சர்மிளா டெலஸ்கோப்பைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள்.

கிரவுண்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வானத்தை மூடிவிட்டது.

வீரம்மா புல்லில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பிறகு பேச்சு வந்தது.

"அவரையும் இப்புடித்தான் தூக்கிட்டுப் போனாங்க. நானும் ஒரு பக்கம் புடிச்சேன்..."

சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மா போன நாளைப் பற்றி அவளும் சொன்னாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் வீரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத மறுபடி கீழ எறக்கணுமா?"

"ஆமாக்கா. விட்டுட்டுப் போனா நனைஞ்சிரும். தெளிவா இருக்கிற நாளெல்லாம் ஏத்தணும், எறக்கணும்."

"நல்ல தொல்லைய வாங்கி வெச்சீங்க போங்க. இருங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வாரேன். குடிச்சிட்டு எறக்குவோம்."

அவர் படி இறங்கிப் போனதும் சர்மிளா பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நட்சத்திரம்கூட இல்ல. இதுக்கா இந்தப் பாடு? அந்தச் சின்னத வாங்கியிருந்தா நீ தனியாவே தூக்கிட்டு வந்திருப்ப."

"வந்திருப்பேன்தான் சர்மிளா. அப்புறம் அவங்க கதவ எதச் சொல்லித் தட்டுறது?"