ஏழாம் மேசை மாப்பிள்ளை

ஏழாம் மேசைக்கு மாப்பிள்ளை இன்னும் வந்தபாடில்லை.

யாரும் சொல்லாமலே யூட்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம், அப்பா, அம்மா, பட்டுச்சாறி கட்டிய மகள், நாலாவது கதிரை காலி. பதினொரு வருடமாக வெக்ஸ்போர்ட்டில் இதே சாப்பாட்டுக்கடையில் தட்டுத் தூக்குகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ன.

அவன் பார்க்காத பெண்பார்ப்பா? தனியாக இரண்டு கொத்துரொட்டியை முடிக்கக்கூடிய மாப்பிள்ளைகள், அன்றைக்கு மட்டும் வெறும் பிளேன்ரீயோடு அடக்கமாக இருப்பார்கள். பெண்வீட்டார் போனபிறகு திரும்பி வந்து பார்சல் கட்டுவிப்பார்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துத்தான், முப்பத்தைந்து வயதானதும் விட்பியில் இருக்கும் அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தான். "பொம்பிளை பாக்கிறன் எண்டு நான் ஒரு கடையிலயும் போய்க் குந்தமாட்டன்." அம்மாவும் சண்டை பிடிக்காமல், "சரி, நீ ஒரு இடமும் போகவேண்டாம்" என்று விட்டுவிட்டார்.

ஏழாம் மேசை அப்பா மெனுவைத் தூரப் பிடித்து, அதற்கு மேலால் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், வாசலைத்தான் பார்க்கிறார் என்று யூட்சன் இரங்கினான். போய்த் தண்ணீர் ஊற்றினான்.

"தம்பி வேலைக்கு நடந்தோ வாறனீங்கள்?"

"இல்லை அங்கிள், கார் இருக்கு."

"சொந்தமோ, லீஸோ?"

பதற்றத்தில் மனிதர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "சொந்தம்தான்" என்றான்.

பெண்ணின் அம்மா இன்னொரு வகை. முதல் தேத்தண்ணியில் சீனி கூட என்றார். மாற்றிக் கொண்டுவந்தால், சீனி காணாது என்றார். பிறகு கரண்டியைக் கீழே விட்டார். புதிதாகக் கொடுத்த கரண்டியும் விழுந்தது.

மூன்றாவது முறை யூட்சன் நாலு கரண்டியோடு போனான். "அன்ரி, விழுறதுக்கு ரெண்டு, சாப்பிடுறதுக்கு ரெண்டு."

அதுவரை குனிந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபோது பார்த்தான், நல்ல முகம். மனதுக்கு என்னவோ செய்தது. இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றிவிட்டு, நேரே குசினிக்குள் போனான்.

"மாப்பிள்ளை பேய்க்காட்டிப் போட்டான், றோஸ்மேரி அன்ரி," என்றான், அடுப்படியில் நின்ற சமையற்காரியிடம். "உந்தப் பிள்ளையை விட்டிட்டுப் போறவன் விசரனாத்தான் இருக்கவேணும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினொரு வருச சேர்விஸ். ஆக்கள் உள்ளுக்க வரேக்கயே சாதகம் சொல்லுவன்."

சொன்னதோடு நிற்கவில்லை. தட்டு ஒன்றைத் தூக்கித் தூரப் பிடித்து, அப்பாவைப் போலக் கழுத்தை நீட்டிக் காட்டினான். அம்மாவைப் போலக் கரண்டியை விட்டுவிட்டு, "ஐயோ தம்பி" என்றான். றோஸ்மேரி சிரிக்காமல் அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

கதவடியில் அந்த மகள் நின்றாள்.

யூட்சன் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். மனேச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னாளென்றால், பதினொரு வருட வேலை இன்றைக்கே முடிந்தது.

"குறை நினைக்காதேங்கோ... சும்மா பகிடிக்கு..."

"கை கழுவ வந்தனான்," என்றாள். போகாமல் நின்று, சப்பாத்திலிருந்து தலைமயிர் வரை அவனை ஆற அமரப் பார்த்தாள். கண் கலங்குவதை மறைக்கத்தான் அப்படி நிற்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். யூட்சன் மூடவில்லை.

"நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ. எனக்கு ஆக்களைத் தெரியும். சொன்ன நேரத்துக்கு வராத மாப்பிள்ளை உங்களுக்குச் சரிவராது."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அவர் வந்து ஒரு மணித்தியாலமாச்சு. ரெண்டு தரம் தண்ணியும் ஊத்திப்போட்டார்."