பன்னிரண்டு பிளக்குகள்

சாவியை வலது பக்கம் திருப்பியதும் எஞ்சின் உதறியது.

விமானி கஸ் நிக்கோலாய் சாவியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். உதறல் நின்றது. மறுபடி திருப்பினார். முன்கண்ணாடி ஆடும் அளவுக்கு உதறியது.

"என்ன ஆச்சு?" என்றார் பின்னால் இருந்த போலீஸ் அதிகாரி ஹார்லன்.

"ஏதோ ஒரு பிளக் எரியல சார்."

ஹார்லனுக்குப் பக்கத்தில் வில்பர் உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு.

ஒரு அடிதடி வழக்கில் நீதிமன்றத்துக்குப் போகாமல், இரண்டு மாதமாக ஆற்றின் மேல்பக்கம் ஒரு மீன்பிடிக் குடிசையில் ஒளிந்திருந்தவன் அவன். அம்மா இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு நேற்று ஊருக்கு வந்தான். வந்த ஒரு மணி நேரத்தில் பிடிபட்டான்.

அடக்கம் இன்று இரண்டு மணிக்கு. அவனைச் சிறைக்குக் கொண்டுபோகும் விமானம் கிளம்ப வேண்டியது பதினொன்றரைக்கு.

அவன் அக்கா ஓல்கா காலையிலேயே பனிவண்டியில் வந்து ஹார்லனிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"மூணே மணி நேரம் சார். ஒரு பிடி மண்ணு போட்டுட்டு அவனே வந்து ஏறிக்குவான்."

"என் கையில இல்லம்மா. பதினொண்ணரைக்குக் கிளம்பணும்னு உத்தரவு" என்றார் ஹார்லன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கஸ் அப்போது இறக்கையில் படிந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் வந்தாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் வண்டி ஓட்டுறவன் ஓல்கா. நான் சொல்லி யார் கேப்பாங்க?"

நான்கு நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு பிரசவக் கேஸ், தபால் மூட்டைகள், நடுவில் ஒரு நாள், இருக்கைகளைக் கழற்றிவிட்டு இதே விமானத்தில் வில்பரின் அம்மாவைப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தது. இடுப்பு கட்டையாக இறுகிப் போயிருந்தது. இந்தப் பயணம் முடிந்தால் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துக் கிடக்கலாம்.

பெட்ரோலைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். சில நேரம் அழுக்கு அதிலேயே எரிந்து போய்விடும்.

போகவில்லை.

சாவி வலது பக்கம் இருந்தால் பாதிப் பிளக்குகள் மட்டும்தான் எரியும்; உதறுகிற அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. உறைந்த குஸ்கோக்விம் ஆற்றின் மேலிருந்து காற்று தடையில்லாமல் வந்தது.

ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புகைக்குழாய். எரிகிற சிலிண்டரின் குழாய் சுடும். எரியாததன் குழாய் ஆறிக் கிடக்கும்.

கையுறையைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு, ஆறு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

ஹார்லனும் இறங்கி வந்து நின்றார்.

"எதுன்னு தெரியுதா?"

கஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார். பன்னெண்டையும் கழட்டித்தான் பாக்கணும்."

ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"விரல் மரத்துப் போகுது. விட்டு விட்டுத்தான் செய்ய முடியும். உள்ள உக்காந்தா நீங்க ரெண்டு பேரும் விறைச்சுப் போவீங்க."

ஓடுதளத்துக்கு அருகில் அடுப்பு எரிகிற கட்டடம் ஒன்றே ஒன்றுதான். மேட்டின் மேலிருந்த கிறிஸ்தவக் கோயில். ஹார்லன் வில்பரை இறக்கி அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

கஸ் வேலையைத் தொடங்கினார்.

ஒரு பிளக்கைத் திருகித் திருகிக் கழற்றுவார். மறுபடி கையுறையைப் போட்டுக்கொண்டு, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பார். அடுத்தது. நடுவில் ஒருமுறை நின்றபடியே கண் செருகிவிட்டது. நெற்றி எஞ்சின் மூடியில் இடித்தபோதுதான் விழித்தார்.

ஒன்றரை மணிக்கு ஹார்லன் தனியாகத் திரும்பி வந்தார்.

"அவன் எங்க சார்?"

"உள்ளூர்க் காவலர் கூட, கோயில்ல. பெட்டி பக்கத்துல உக்காந்திருக்கான். விலங்கை அவுத்து விட்டுட்டேன்."

கீழே விரித்திருந்த துணியில் எட்டு பிளக்குகள் வரிசையாகக் கிடந்தன. ஹார்லன் குனிந்து ஒன்றை எடுத்தார். முனையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக, தவிட்டு நிறத்தில் இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. எட்டையும் பார்த்தார்.

கஸ் ஒன்பதாவதைத் திருகிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

கரி அடைத்திருந்த அந்த ஒரே பிளக்கை அவர் பன்னிரண்டு மணிக்கு முன்பே கழற்றிப் புதியதைப் பூட்டிவிட்டார். பழையது அவர் சட்டைப் பைக்குள் கிடந்தது.

"எங்கப்பா முப்பது வருஷம் விமான மெக்கானிக்கா இருந்தாரு" என்றார் ஹார்லன்.

கஸ்ஸின் கை நின்றது.

மேட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கோயில் கதவைத் திறந்திருப்பார்கள். பெட்டியைத் தூக்குகிற நேரம்.

ஹார்லன் பிளக்குகளைத் துணியில் பழையபடி வரிசையாக வைத்தார். நிமிர்ந்து தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எஞ்சின் ஆறிப் போச்சே. சூடு பண்ணாம கிளப்ப முடியாதுல்ல?"

"முடியாது சார்."

"எவ்வளவு நேரம் சூடு பண்ணணும்?"

கஸ்ஸிடம் இருந்த மண்ணெண்ணெய் அடுப்புக்கு நாற்பது நிமிடம் போதும். அவர் வாயைத் திறந்தார்.

"ரெண்டு மணி நேரம்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஹார்லன் மேட்டைப் பார்த்து நடந்தார்.