வாடிய தக்காளி வீடு

பூட்டைத் திறப்பது பெரிய வித்தை இல்லை, எந்தப் பூட்டைத் திறப்பது என்று தெரிவதுதான் வித்தை என்பான் பஞ்சாங்கம். அது தொழில்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். குறி பார்க்காமல் அவன் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை.

அவன் குறி பார்ப்பது செடிகளில். வெளியூர் போகிறவர்கள் பாலை நிறுத்திவிடுவார்கள், பேப்பரை நிறுத்திவிடுவார்கள், பக்கத்து வீட்டில் சொல்லி வாசல் விளக்கைக்கூட எரிய விடுவார்கள். செடியிடம் மட்டும் 'பத்து நாள் பொறுத்துக்கோ' என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டிச் செடி தலையைத் தொங்கப்போட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். சிறைத் தோட்டத்தில் ஏழு வருடம் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்குக் கிடைத்த ஞானம் அது. வெளியே வந்த பிறகு ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை.

மூலை வீட்டு மதில் மேல் ஆறு தொட்டிகள். தக்காளி, கத்தரி, மிளகாய். ஒரு வாரமாகத் தெருவோடு போகும்போதெல்லாம் பார்த்துவிட்டான். ஆறும் துவண்டு கிடந்தன.

அவன் மகளுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். இன்னொரு முறை உள்ளே போனால் பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டவே மாட்டேன் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளை முகம் பார்க்க அவனுக்கும் மனமில்லை. ஆனால் ஒரு தொட்டில்கூட வாங்காமல் வெறுங்கையோடு தாத்தா ஆவது எப்படி? இது ஒன்று, இதோடு சரி என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான்.

காலை பதினொரு மணிக்குத் தோளில் பையோடு பின்பக்கம் போனான். கம்பியை விட்டு ஒரே திருகு. கதவு திறந்தது.

உள்ளே சாப்பாட்டு மேஜையில், லுங்கி பனியனோடு ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி வீட்டுத் தோட்டப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாங்கம் கம்பியைப் பைக்குள் நழுவவிட்டான். ஓடு என்றது மனசு. அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"வாங்க, வாங்க. செடி டாக்டர்தானே? நர்சரியில சொல்லி நாலு நாளாச்சு" என்றார் அவர்.

பூட்டியிருந்த கதவு எப்படித் திறந்தது என்று அவர் கேட்கவே இல்லை. இப்படியும் ஒரு வெகுளியா என்று வியந்தபடி பஞ்சாங்கம் வேகமாகத் தலையாட்டினான்.

இருவரும் மதிலோரம் போனார்கள். தோட்டம் போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறதாம். காலையில் ஒரு வாளி, மத்தியானம் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி ஊற்றுகிறாராம். அப்படியும் செடி முகம் வாடினால் ஆறுதலுக்கு இன்னொரு வாளி. தக்காளிக்குத் தெம்பு வரட்டும் என்று பாலில் முட்டை கலந்து ஊற்றியிருந்தார். மிளகாய்ச் செடிக்கு இருமல் மருந்துகூடக் கொடுத்துப் பார்த்தாராம்.

பஞ்சாங்கம் ஒரு தொட்டிக்குள் விரலை விட்டான். சேறு. தொட்டியை இறக்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தான்.

"என்ன சார் இது, அடியில ஓட்டையே காணோம்?"

"இருந்துச்சு. தண்ணி வீணாப் போகுதேன்னு நான்தான் சிமெண்ட் பூசி அடைச்சேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருடத்தில் ஒரு கன்றைக்கூடச் சாகவிடாத கை அது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும் செடி வாடும், தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் வாடும். தன் கணக்கு எங்கே பிசகியது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காக வாயில்லா ஜீவனை இந்தப் பாடா படுத்துவது?

எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. பையைத் திறந்து, பூட்டைக் குடைகிற டிரில்லை எடுத்தான். ஆறு தொட்டிகளின் அடியிலும் மளமளவென்று துளை போட்டான். நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. அழுகிய வேர்களை வெட்டி எறிந்து, நிழலான இடம் பார்த்துத் தொட்டிகளை வரிசையாக வைத்தான். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். இவன் விடவில்லை.

"இனிமே விரலை விட்டுப் பாருங்க. மேல் மண்ணு காஞ்சிருந்தாத்தான் தண்ணி. பத்தே நாள்ல தளிர் விட்டுடும், நான் பொறுப்பு."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, புறப்படுகிறேன் என்றான். ஒரு துரும்பும் வேண்டாம், வெளியே போய்விட்டால் போதும் என்றிருந்தது. நேரே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் உள்ளே பார்த்துக் கைதட்டினார்.

படுக்கையறையிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் விலங்கோடு வந்தார்கள். ஒருவர் சல்யூட் அடித்து, "வண்டி வந்துடுச்சு, இன்ஸ்பெக்டர் சார்" என்றார். திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியே பார்த்தால், சுவரோரமாக மூன்று பேர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூவருமே பஞ்சாங்கத்திடம் குறி பார்க்கக் கற்றவர்கள். அவனைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"சார், பொண்ணுக்கு அடுத்த வாரம் பிரசவம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. நீர் வடிந்துகொண்டிருந்த ஆறு தொட்டிகளையும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு மாசமா ஊத்தி ஊத்தி வாட வெச்சதுய்யா. எல்லாத்தையும் பிழைக்க வெச்சுட்டியே, இனி உங்க ஆளுங்க எவன் வருவான்?"