முழுப் பண்ணையும் வேண்டும்

"வேலையாள்னு ஒருத்தர்கூட இங்க இருக்கக் கூடாது, மேவிஸ். மூணு நாளும் பண்ணை மொத்தமும் அவங்களுக்கு மட்டும்தான்" என்றான் லாக்லன்.

மேவிஸ் என்று அவன் கூப்பிட்ட பண்ணைக்காரி கிளெனிஸுக்குத் திக்கென்றது.

விடிவதற்கு முன்னால் அடிலெய்டில் கிளம்பி, காரைச் செம்மண்ணில் குளிப்பாட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தான் அவன். கம்பெனிக்காரர்கள் சில நாள் ஒதுங்கி உட்கார்ந்து திட்டம் போட, சந்தடியில்லாத இடமாகப் பார்த்துப் பேசி முடிப்பதுதான் அவன் பிழைப்பு. எந்தக் கம்பெனி, எத்தனை தலை என்று எல்லாம் முடிவாகும்வரை வாயைத் திறக்க மாட்டான். அந்தத் தொழிலே அப்படித்தான். போட்டிக்காரன் காதுக்குப் போய்விடக் கூடாதாம்.

ஆனாலும் கிளெனிஸுக்குத் தெரியும். முதல் தடவை போனில் பேசும்போதே 'தொப்பிக்காரங்க' என்று பையன் உளறிவிட்டான். அடிலெய்டில் பேர் சொல்கிற மாதிரி தொப்பி கம்பெனி ஒன்றே ஒன்றுதான். ராஸ்லினுடையது. ஒரு காலத்தில் கிளெனிஸுடையதும்தான்.

இரண்டு பேரும் கார் ஷெட்டில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, முறை போட்டுத் தைத்து ஆரம்பித்த கம்பெனி அது. தையல் வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பியே தீருவேன் என்று ராஸ்லின் ஒற்றைக் காலில் நின்ற அன்று, கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து காரை எடுத்துக்கொண்டு வந்தவள்தான் கிளெனிஸ். அப்புறம் பேச்சு வார்த்தை கிடையாது. கோபம் என்னவோ ஒரு வருஷத்திலேயே வடிந்துவிட்டது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் தலை நரைத்துக்கொண்டிருந்தது.

இப்போது ராஸ்லினைப் பார்க்க வேண்டும். பேசாவிட்டால் போகிறது, பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தன் பேரைக் கேட்டால் ராஸ்லின் வேறு இடம் தேடிப் போய்விடுவாளோ என்ற பயத்தில்தான், பண்ணையைப் பார்த்துக்கொள்கிற மேவிஸ் என்று அவனிடம் புளுகியிருந்தாள்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பழைய கொட்டகைதான் இப்போது கூட்டம் நடக்கிற இடம். ஈயை விரட்டிக்கொண்டே லாக்லன் நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டு வந்தான். காலையில் பேச்சு. வெயில் ஏறியதும் உள்ளே உட்கார்ந்து மறுபடி பேச்சு. சாயங்காலம் விறகு மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. தொப்பி தைக்கிறவர்களுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று கிளெனிஸுக்கு விளங்கவில்லை.

"எல்லாரோட போனையும் பெட்டியில வச்சுப் பூட்டிடணும். கார் சாவியையும் சேர்த்து."

"கார் சாவி எதுக்கு?"

"பாதிப் பேச்சுல யாரும் கோச்சுக்கிட்டுக் கிளம்பிடக் கூடாதாம். முதலாளியம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

கிளெனிஸுக்குச் சுருக்கென்றது. இன்னும் மறக்கவில்லை பாவி! அந்த வலியிலும், மறக்கவில்லையே என்று உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

"சமைக்க ஆள் வேணாமா, தம்பி?" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

வருகிறவர்களே சேர்ந்து சமைத்துக்கொள்வார்கள், அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்றான் அவன். இந்த அடுப்பு தன்னைத் தவிர யார் பேச்சையும் கேட்காது என்றாள். ஜெனரேட்டர் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும் என்றாள். கடைசியில் பாம்பைக்கூடத் துணைக்கு இழுத்துப் பார்த்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னான்.

"பின்னால பழைய கேரவன் ஒண்ணு கிடக்கு. நான் அதுக்குள்ள இருந்துக்கறேன். வெளியவே வர மாட்டேன்." அவன் கூடவே நடந்தாள். "ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டேன், தம்பி."

"வேலைக்காரங்க இருந்தா மனசு விட்டுப் பேச முடியாதுன்னு நினைக்கிறாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

கிளெனிஸ் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஈ விழுந்துவிட்டதைப்போல் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு தூரம் வந்தது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே! முடியாது என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடலாம். அனுப்பினால் ராஸ்லின் இந்த மண்ணைக்கூட மிதிக்க மாட்டாள். வரட்டும். இந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கட்டும். என் கட்டிலில் படுத்து நட்சத்திரத்தைப் பார்க்கட்டும். நான் ரோட்டோரப் பப்பில் அறை எடுத்துக்கொள்கிறேன். கார்கள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கண்ணாடிக்குள் அவள் முகம் ஒரு நொடி தெரிந்தால் போதும்.

"சரி தம்பி. அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் கிளம்பிடறேன்."

லாக்லன் நடையை நிறுத்தினான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விட்டுக்கொடுத்தாயிற்று. இனி அழுதென்ன? வருகிறவளுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நாற்காலிகளைத் துடைக்கத் துணியை எடுத்தாள். "ஐம்பது வரைக்கும் கிடக்கு. எத்தனை போட்டு வைக்கட்டும்?"

லாக்லன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ரெண்டு போதும், கிளெனிஸ். இது யார் பண்ணைன்னு தெரிஞ்சுதான் முதலாளியம்மா என்னை அனுப்பினாங்க. ஒண்ணு ராஸ்லினுக்கு, இன்னொண்ணு உங்களுக்கு."