தாழ்ப்பாள்

"உள்ளே ஒருத்தர் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார் சிஸ்டர். நீங்க எவ்வளவு தட்டினாலும் திறக்காது. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு சலபதி ஃபோனை வைத்தான்.

அவன் சொன்னது கழிப்பறையை இல்லை. அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவன் அவன். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் ஒரு நோயாளி இறந்துபோயிருந்தார். பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் 'மரணம்' என்று பதியப் போனபோது திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மணி இரண்டாகிவிட்டது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பதிவு ஏறினால்தான் ஆவண அறையில் மரணச் சீட்டு அச்சாகி வரும். சீட்டு இருந்தால்தான் பிணவறையில் உடலைக் கொடுப்பார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றார்கள். ஹைதராபாத்திலிருந்து ஜக்தியாலுக்கு நாலு மணி நேர வழி. இருட்டுவதற்குள் தகனம் நடக்க வேண்டும்.

சலபதி மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆவண அறைக்கு இறங்கினான். பர்வீன் டீயில் உஸ்மானியா பிஸ்கெட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். உங்க டேட்டாபேஸ் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுதா?"

"தூங்கறது அது இல்லை, உங்கள்ல யாரோ. 408812. யார் திறந்து வெச்சிருக்கீங்க?"

"பேஷண்ட் பேர் சொல்லுங்க."

"பேர் எதுக்கு? ஸ்ரீனிவாஸ்னு கூப்பிட்டா பாதி வரிசை திரும்பும். இங்க நம்பர்தான் ஆளு."

ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் திறந்துவிட்டால், அவர் மூடும்வரை வேறு யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. திறந்தவர் யார் என்று சாதாரணமாகத் தெரிந்துவிடும். இங்கே தெரியாது. மூன்று கட்டடங்களில் இருக்கும் ஆவணப் பிரிவு ஆட்கள் பதினான்கு பேரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் நுழைகிறார்கள். சலபதி நாலு தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் கேட்கவில்லை.

"நான் இல்லைப்பா. அண்ணா, நீங்க?" என்றாள் பர்வீன்.

மூலையில் யாதகிரி இல்லையென்று தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தேதி, ஒரு நேரம் தப்பாகப் பதியாத மனிதர். அவர் திரையை எட்டிப் பார்க்கச் சலபதிக்குத் தோன்றவில்லை.

அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. மேசைமேல் கவிழ்த்துவைத்திருந்த ஃபோன் நடுங்கி நின்றது, மறுபடியும் நடுங்கியது.

"அண்ணா, உங்க ஃபோனுக்குக் குளிர்ஜுரம்" என்றாள் பர்வீன்.

"ஜுரம்னதும் ஞாபகம் வருது" என்றான் சலபதி. "பொண்ணுக்கு ஜுரம்னு முந்தாநாள் லீவு கேட்டீங்களே அண்ணா, எப்படி இருக்கா?"

"இருக்கா." யாதகிரியின் விரல் ஸ்பேஸ் கட்டையை ஒரு தடவை தட்டியது.

சலபதி மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தான். "ஒண்ணுதான் புரியலை. பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடலேன்னா தாழ்ப்பாள் தானா கழண்டுடும். மறந்து எழுந்து போனவன் வேலைன்னா எப்பவோ கழண்டிருக்கணும். எவனோ உட்கார்ந்து வேணும்னே பிடிச்சுக்கிட்டிருக்கான்."

"எதுக்கு சார்?"

"கொழுப்பு, வேறென்ன?"

ஃபோன் அடித்தது. மறுபடியும் சிஸ்டர்தான். "சார், வீட்டு ஆளுங்க என் கையைப் பிடிச்சு அழறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர். யாரா இருந்தாலும் சரி, கில் பண்ணிடறேன்."

யாதகிரி நிமிர்ந்தார். "கில் பண்ணினா என்ன ஆகும்?"

"தாழ்ப்பாள் உடையும் அண்ணா. உள்ளே இருக்கிறவர் வெளியே விழுவார். மேல டாக்டர் எழுதினது ஏறிடும்."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே."

"பாவம் அண்ணா. பெத்தவங்க, கட்டினவங்கன்னு வாசல்ல நிப்பாங்க. ரெண்டரை மணி நேரமா."

யாதகிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சலபதி ஒரு வரி தட்டினான். அவ்வளவுதான். சுவரோரம் இருந்த அச்சுப்பொறி கனைத்துக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது.

"அப்பாடா. போய்ச் சேர்ந்தது" என்று சோம்பல் முறித்தபடி எழுந்தான். "ஒரு டீ சொல்லும்மா."

பர்வீன் தாளை எடுத்து, முத்திரை வைப்பதற்கு முன் வழக்கம்போல உரக்கப் படித்தாள். "மானஸா. வயசு இருபத்தாறு. ஐயோ, சின்னப் பொண்ணு. மரண நேரம், காலை பதினொண்ணு முப்பத்தஞ்சு."

யாதகிரியின் திரையில் 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்திருந்தது. அவர் ஸ்பேஸ் கட்டையிலிருந்து விரலை எடுத்தார்.

"நேரம் தப்பும்மா. இப்பத்தான் செத்தா."